வெந்நீர் அக்கா

வானிலை அலுவலகத்தில் அவளுக்கு வெந்நீர் அக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். கடலில் மிதக்கும் கருவிகள் அனுப்பும் எண்களைச் சரிபார்த்துப் படம் வரைவது அவள் வேலை. பதினோரு வருடம், அதுவும் ஒப்பந்தத்தில்.

அத்தனை வருடம் பார்த்ததில் அவளுக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. தெற்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டம் எல்லா வருடமும் ஒரே வழியில் போவதில்லை. சில வருடம் நடுக்கடலோடு திரும்பிவிடும். சில வருடம் கரையை ஒட்டி வந்து சுழன்று நிற்கும். மற்ற இடங்களில் புயல் கடலைக் கலக்கும்போது அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் மேலே வந்து அதன் வேகத்தைக் குறைக்கும். இந்த நீரோட்டம் நிற்கும் இடத்தில் எவ்வளவு கலக்கினாலும் மேலே வருவது சூடுதான். நோஞ்சான் புயல்கூட ஒரே நாளில் பெருத்துவிடும். இதை இரண்டு முறை அறிக்கையாக எழுதிக் கொடுத்தாள். "அக்கா, குளிக்க ஒரு பக்கெட் கிடைக்குமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

அந்த வருடம் நீரோட்டம் கரையோரம் நின்றது. ஒரு சின்னப் புயல் அதை நோக்கித் திரும்பியது. அவள் அதிகாரியிடம் ஓடினாள்.

"சார், இது நாளைக்குள்ள பெருசாயிடும். நூறு மீட்டர் ஆழம் வரைக்கும் சூடா இருக்கு."

"கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லலையே."

"அதுல இருக்கறது போன மாசத்து நீரோட்டம் சார்."

"போன தடவை எல்லாரையும் பயமுறுத்தினோம், புயல் வரல. வாங்கிக் கட்டிக்கிட்டது நான். வெளியில யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க."

'மிதமான காற்று வீசும்' என்று அறிவிப்பு போனது.

மதியம் தங்கை போன் செய்தாள். அவள் கணவன் மீன்பிடிப் படகில் டிரைவர்.

"அக்கா, இவரு கிளம்பறாரு. வர மூணு நாளாகும். போகலாம்தானே?"

அறையில் வேறு யாரும் இல்லை. சொல்லியிருக்கலாம். வேலை நிரந்தரமாக இன்னும் நாலு மாதம்தான் இருந்தது.

"அறிவிப்பு பாக்கலையா?"

"பாத்தேன். இருந்தாலும் உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

"அதுல இருக்கறதுதான்டி."

மறுநாள் சாயங்காலம் புயல் இரண்டு மடங்கானது. தங்கை ஊரிலிருந்து போன ஒன்பது படகுகளில் ஆறு திரும்பின. தங்கை கணவனின் படகு வரவில்லை.

ஒரு மாதம் கழித்து, தன் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே தங்கை கேட்டாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. "தெரியும்" என்றாள்.

தங்கை கையைக் கழுவினாள். அக்காவின் பையை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தாள்.

புயல் ஏன் திடீரென்று பெருத்தது என்று கேட்டு விசாரணைக் குழு வந்தபோது, அதிகாரி அவளுடைய அறிக்கையைத் தன் பெயரில் கொடுத்துப் பாராட்டு வாங்கினார். அவளுக்கு வேலை நிரந்தரமானது. உத்தரவில் கையெழுத்து அவருடையதுதான்.

அடுத்த வருடம் மறுபடியும் நீரோட்டம் கரையை ஒட்டியது. புயல் உருவானதும், அறிவிப்புக்குக் காத்திராமல் தங்கையை அழைத்தாள்.

"யாரையும் கடலுக்கு அனுப்பாதீங்கடி. உங்க தெருவுல சொல்லிடு."

"என் வீட்டுல அனுப்ப யாரு இருக்கா?"

லைன் அறுந்தது. அவள் படகு உரிமையாளர்களின் எண்களை ஒவ்வொன்றாக அழுத்தத் தொடங்கினாள். மூன்று பேர் எடுத்தார்கள். ஒருவர், "நீ யாரும்மா இதச் சொல்ல?" என்று வைத்துவிட்டார். திங்கட்கிழமை, வெளியில் வாயைத் திறந்ததற்கு அவளிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது.