இடது காலின் கோடு

தவமணி இறந்துவிட்டார் என்ற செய்தி, நானுஓயாவில் வேனுக்காகக் காத்து நின்றபோது வந்தது. சொன்னவர் அவருடைய தம்பி. பதினாறு வருடம் அவர் உழைத்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அவரோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும்: முதுகெலும்பு அறுவை நடக்கும்போது, நோயாளியின் தலையிலும் கால்களிலும் வயர்களைப் பொருத்தி, நரம்பின் செய்தி பாதம்வரை போய்ச் சேருகிறதா என்று திரையில் ஓடும் கோடுகளில் பார்த்துக்கொண்டே இருப்பது அவர் பணி. லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்தவர். "கொழுந்து பறிச்ச கை டொக்டர், கோடு தப்பினா தெரிஞ்சிரும்" என்று சிரிப்பார். மயக்க மருந்து கொடுப்பவன் நான்.

ஒருநாள், தலவாக்கலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த பெண்ணின் வளைந்த முதுகை நிமிர்த்திக் கம்பி பூட்டியதும், தவமணி எழுந்து நின்றார்.

"சார், இடது கால் கோடு போயிருச்சு."

வயர் கழன்றிருக்கும் என்றார் சர்ஜன், தலை தூக்காமல்.

"வயரெல்லாம் பாத்துட்டேன் சார். வயரு இருக்கு, கால்தான் இல்ல."

எழுப்பிப் பார்க்கும்படி சர்ஜன் எரிச்சலோடு என்னிடம் சொன்னார். மருந்தைக் குறைத்தேன். குப்புறக் கிடந்த அந்தப் பெண்ணிடம், காலை அசைக்கும்படி சர்ஜன் சிங்களத்தில் சொன்னார். அசைவில்லை. நான் குனிந்து, "அம்மா, பாதங்களை அசையுங்கள்" என்றேன், வானொலியில் செய்தி வாசிப்பவனைப் போல. அசைவில்லை. மயக்கம் தெளியவில்லை என்று முடிவு செய்தேன்.

தவமணி மேசைக்கடியில் தலையை நுழைத்தார். "அக்கா! பெரட்டுக்கு நேரமாச்சு, கண்டாக்கையா பேரு கூப்பிடுறாரு! எந்திரிங்க, கால ஆட்டுங்க!"

கைவிரல்கள் அசைந்தன. பிறகு வலது கால். இடது கால் அப்படியே கிடந்தது.

என் அம்மாவும், தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கையா பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் அந்த விடிகாலைப் பெரட்டுக்கு ஓடிப் பேர் கொடுத்தவர்தான். அந்த வார்த்தை எனக்கும் தெரியும். அந்த அறையில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் மறுபடி மயக்க மருந்தைக் கூட்டினேன். சர்ஜன் கம்பியைத் தளர்த்தினார். திரையில் ஒன்றுமில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "பொறுங்க டொக்டர், வரும்" என்றார் தவமணி. வெகுநேரம் கழித்து இடது காலின் கோடு மெல்ல எழும்பியது.

பிறகொரு விழாவில் சர்ஜன், அன்று கம்பியைத் தளர்த்தச் செய்தது தன் உள்ளுணர்வு என்று சொன்னார். தவமணியின் பெயரே வரவில்லை. சர்ஜனை நான் மன்னிக்கவில்லை. முன்வரிசையில் இருந்து கைதட்டிய என்னையும்தான். தவமணி மட்டும், "விடுங்க டொக்டர். அந்தக்கா நடந்துபோய் பஸ் ஏறிருச்சு. மேடையில யாரு ஏறினா என்ன?" என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது தவமணியை லயத்து வாசலில் கிடத்தியிருந்தார்கள். படிகளில் தானாகவே ஏறி வந்திருந்த அந்தத் தலவாக்கலைப் பெண், ஓரமாக நின்று அழுதார். தவமணியின் கால் பெருவிரல்கள் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நான் குனிந்து, "பெரட்டுக்கு நேரமாச்சு, தவமணி" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பொறுங்க டொக்டர், வரும். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் குரல்தான். கட்டிய அந்த விரல்களைப் பார்த்தபடி, வெகுநேரம் பொறுத்து நின்றேன்.