குளியலறை விளக்கும் கிளாக்கர் ஐயாவும்

குளியலறை விளக்கு முதன்முதலில் மக்கர் செய்தபோது பல்ப்தான் போய்விட்டது என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் புது பல்ப் வாங்கி வந்து மாட்டினேன். எரிந்தது. மகள் கைதட்டினாள். அடுத்த நாள் காலை அவள் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. வெளியே சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினால் எரிந்தது, இன்னொரு முறை தட்டினால் உள்ளே கொர்ரென்று சத்தம் போட்டது. ஆக, கோளாறு பல்ப்பில் இல்லை, சுவிட்சில். இதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போதுமாக இருந்தது. சரிசெய்ய ஒரு மழைக்காலம் முழுவதும் போனது.

பதுளை டவுனில் ஒரு வீட்டின் பின்பக்கத்தைத் தடுத்துக் கட்டிய அனெக்ஸ் அது. முன்பக்கத்தில் வீட்டுக்காரரும் அவர் மனைவியும். அவர் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்து டீச்சரானவள். கணவருக்குக் கொழும்பில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவார். எங்கள் லயத்தில் காற்றுக்குக் கூரைத் தகரம் பறந்தாலும் ஆபீஸ் ஜன்னலில் போய் நின்று கிளாக்கர் ஐயாவிடம்தான் சொல்ல வேண்டும். சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கும் அப்பா இரண்டு கையையும் கோத்துக்கொண்டு அந்த ஜன்னலில் நின்றிருக்கிறார். என் பிள்ளை யார் முன்னாலும் போய் நின்று கேட்காமல் வளர வேண்டும், அதுதான் என் ஆசை. அதற்காகத்தான் ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கு இறங்கினேன். இறங்கி வந்து பார்த்தால் வீட்டுக்காரரே கிளாக்கர் ஐயா. எங்கே போய் முட்டிக்கொள்வது?

சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனிதர். தோட்டத்துப் பிள்ளை படித்து டீச்சராகி வந்திருக்கிறது என்று சொல்லி, வேறு இடங்களில் கேட்டதைவிடக் குறைந்த வாடகைக்குத் தந்தார். அக்ரிமென்ட் எழுதலாமா என்றதற்கு, "நமக்குள்ள என்னத்துக்கு டீச்சர் அதெல்லாம்?" என்றார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்தால் அவர் மனைவி கோழிக்கறியில் எங்களுக்கும் ஒரு கோப்பை அனுப்புவார். கறியைச் சாப்பிட்டுவிட்டு சுவிட்ச் சரியில்லை என்று எந்த வாயால் சொல்வது?

ஆனாலும் சொன்னேன். ஐயா டெஸ்டரும் கறுப்பு டேப்பும் எடுத்துக்கொண்டு உற்சாகமாக வந்தார். மூடியைக் கழற்றினார், ஸ்குரூவை இறுக்கினார், டேப் சுற்றினார். பிறகு எங்கள் வீட்டில் பிளேன்டீ குடித்தபடி தோட்டத்தில் தான் பார்க்காத வேலை இல்லை என்று கதை சொன்னார். விளக்கு சில நாள் எரிந்து மறுபடி அணைந்தது. மறுபடி போனேன். மறுபடி டேப், மறுபடி பிளேன்டீ, மறுபடி கதை.

"யாராச்சும் கரண்ட் வேல தெரிஞ்ச பாஸ கூப்பிடுவமாங்க ஐயா?"

"நான் இருக்கேன்ல, எதுக்கு டீச்சர் வெளியாளு?"

நான் பிளேன்டீக்குத் தண்ணீர் வைத்தேன்.

மழை பிடித்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். சுவிட்சுக்கு மேலே பெயின்ட் உப்பிக்கொண்டு வந்தது. அந்தச் சுவருக்கு மறுபக்கம் ஐயா வீட்டுச் சமையலறை. அவர்கள் பாத்திரம் கழுவும் நேரத்தில் கைவைத்துப் பார்த்தால் சுவர் ஜில்லென்று ஈரமாக இருந்தது. அவர்களுடைய தண்ணீர்க் குழாய்தான் கசிகிறது. பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். "மழைக்கு எல்லாச் சுவரும் இப்படித்தான் டீச்சர்" என்று சிரித்துவிட்டார்.

ஈரம் கூடக்கூட, சுவிட்சைத் தொட்டாலே ட்ரிப் சுவிட்ச் விழ ஆரம்பித்தது. அதுவும் மெயினும் ஐயாவின் ஹாலில் இருந்தன. விழுந்தால் இரண்டு பக்கமும் இருட்டு. நான் குளிக்கப் போவதே அவர்கள் வீட்டு டீவி அணைவதை வைத்து ஊருக்கெல்லாம் தெரிந்தது. தலையில் துண்டோடு முன்வாசலுக்குப் போய், "ஐயா, ட்ரிப்ப கொஞ்சம் தூக்கி விடுறீங்களா?" என்று கேட்கும்போதெல்லாம் உடம்பு கூசிப்போகும். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வருவாள். கொஞ்ச நாளில், நான் சேலையைச் சரிசெய்வதற்குள் அவளே முன்னால் ஓடி, "தாத்தா, ட்ரிப் விழுந்துருச்சு, போட்டு விடுறீங்களா?" என்று கேட்கப் பழகிவிட்டாள். எத்தனை அழகாகக் கேட்கிறது பிள்ளை என்று ஐயாவின் மனைவி மெச்சினார். நான் அவளைக் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்தேன்.

ஒரு நாள் மாலை, கழுவிய ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டுவிட்டு மகள் வீறிட்டாள். ஓடிப்போய்த் தூக்கினேன். விரல் மட்டும் சிவந்திருந்தது, கடவுள் புண்ணியம். ஐயாவும் பதறிப்போய் ஓடி வந்தார். வந்தவர் சுவிட்சின் மேல் ஒரு பொலித்தீன் பையை வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டினார். "இனி தொடக்கூடாது கண்ணு. லைட் வேணும்னா தாத்தாகிட்ட கேக்கணும், சரியா?" மகள் தலையாட்டினாள். அந்தப் பையைப் பிய்த்து எறிய வேண்டும்போல் எனக்கு ஆத்திரம் வந்தது. எறியவில்லை. அன்றிலிருந்து பட்டப்பகலிலும் இருட்டாக இருக்கும் அந்த அறையில் டார்ச் வைத்துக் குளித்தோம்.

கணவர் போனில் கத்தினார். "ஒரு சுவிட்ச மாத்த எதுக்குடீ பர்மிஷன்? பாஸ கூப்பிட்டு மாத்து. அப்புறம் சொல்லிக்கலாம்."

அவருக்கென்ன, கொழும்பில் இருந்துகொண்டு கத்தலாம். ஆனாலும் அந்தப் பேச்சு எனக்குத் தைரியம் தந்தது. ஞாயிற்றுக்கிழமை ஐயாவும் மனைவியும் சர்ச்சுக்குப் போனதும் வயரிங் வேலை செய்யும் ஒரு பாஸை வரவழைத்தேன். அவர் பொலித்தீனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, "மெயின ஆஃப் பண்ணுங்க டீச்சர்" என்றார். மெயின் ஐயாவின் ஹாலில். ஹால் பூட்டியிருந்தது. மெயினை அணைக்காமல் அந்த ஈரச்சுவரில் கைவைக்க அவரும் தயாராக இல்லை. திருட்டுத்தனமாகக் கூப்பிட்டதற்குத் தண்டனை மாதிரி, பாஸ் ஒரு படியிலும் நான் ஒரு படியிலும் உட்கார்ந்து ஐயாவுக்காகக் காத்திருந்தோம்.

ஐயா வந்தார். பாஸையும் அவர் பையையும் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"நான் இல்லியா டீச்சர்?"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்னுதாங்க ஐயா..."

திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவர் திட்டவில்லை. கோட்டைக் கழற்றிவிட்டுப் போய் மெயினை அணைத்தார். பிறகு நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதை இப்படி வை, இதை அப்படிப் பிடி என்று பாஸை வேலை வாங்கினார். கசியும் குழாயைக் காட்டியதும் அதையும் மாற்றச் சொன்னார். புது சுவிட்ச் எதிர்ப்பக்கம் காய்ந்த சுவருக்குப் போனது. நான் பர்ஸை எடுத்தபோது கையைத் தடுத்தார். "நம்ம வீட்டு வேலைக்கு நான்தானே குடுக்கணும்." அந்தக் காசையாவது என்னைக் கொடுக்க விட்டிருக்கலாம்.

சாயங்காலம் மகளைக் கூப்பிட்டுப் புது சுவிட்சைக் காட்டினேன். "இனி பயமில்ல தங்கம். நீயே போடலாம், நீயே அணைக்கலாம். போடு பாப்போம்."

அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். சுவிட்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு விடுவிடுவென்று வெளியே ஓடினாள். முற்றத்தில் ஐயா பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு கேட்டாள்.

"தாத்தா, லைட்ட போட்டுக்கவா?"

அவளுக்கு யாரும் அப்படி நிற்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. என் அப்பாவை அவள் பார்த்ததுகூட இல்லை.

ஐயாவின் முகம் மலர்ந்தது. "போடு கண்ணு, போடு. தாராளமா போடு."

மகள் ஓடி வந்து விளக்கைப் போட்டாள். நான் வாசலில் நின்று ஐயாவுக்கு நன்றி சொன்னேன்.