ஒரே உயரத்தில் இரண்டு கோடுகள்

தொண்ணூறுகளின் கடைசியில் நானும் அவளும் ஒரே ஆய்வகத்தில் இருந்தோம். கொல்லிமலை மிளகுக் கொடிகளுக்குள் மரபு வேறுபாடு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. நான் அவளுக்கு இரண்டு வருடம் சீனியர். அவள் காளப்பநாயக்கன்பட்டிக்காரி. அவளுடைய அத்தா அங்கே மலை மிளகு வாங்கி விற்கும் கடை வைத்திருந்தார்.

அப்போது டி.என்.ஏ.வின் எழுத்துகளைக் கண்ணால்தான் படிப்போம். ஜெல்லில் ஓட்டி எடுத்த எக்ஸ்ரே பிலிமை விளக்குப் பெட்டிமேல் விரித்தால் ஏ, சி, ஜி, டி என்று நான்கு வரிசைகளில் கறுப்புக் கோடுகள் தெரியும். கீழிருந்து மேலே படிக்க வேண்டும். அடுத்த கோடு எந்த வரிசையில் இருக்கிறதோ அதுதான் அடுத்த எழுத்து. எனக்கு அரை மணியில் கண் எரியும். அவள் ஸ்கேலை நகர்த்திக்கொண்டு, உதட்டுக்குள் எழுத்துகளைச் சொல்லியபடி மதியம்வரை உட்கார்ந்திருப்பாள்.

மலைமேல் எடப்புளி நாடு என்ற ஊர்ப்பகுதியில் பறித்த கொடி ஒன்றின் பிலிமில், ஓரிடத்தில் சி வரிசையிலும் டி வரிசையிலும் ஒரே உயரத்தில் கோடு விழுந்திருந்தது. இலை பறித்தது நான். இரண்டு கொடி பின்னிக் கிடந்து இலை கலந்திருக்கும், தள்ளிவிடலாம் என்றேன்.

"இல்லீங்கக்கா, ஒரே கொடிக்குள்ளயே ரெண்டு எழுத்தும் இருக்கலாமுங்க. போய்ப் பார்த்துட்டு வந்துரலாம்" என்றாள்.

தாய்ச்செடியிடமிருந்து ஓர் எழுத்தும் தந்தைச்செடியிடமிருந்து வேறோர் எழுத்தும் வந்தால் அப்படித் தெரியும் என்பது எனக்கும் தெரியும். மறுபடி மலையேறத்தான் சோம்பல்.

சனிக்கிழமை பஸ் ஏறினோம். தோட்டத்துக்கார அம்மா ஏணி கொண்டுவந்து சாத்திவிட்டு, "ஏனுங் கண்ணு, கொடியில சீக்கு ஏதாச்சுமா?" என்று கேட்டார். அதெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டு அவளே மேலேறினாள். நுனியிலிருந்து வேர்வரை ஒவ்வொரு கணுவாகக் கையால் தடவிக்கொண்டே இறங்கினாள். நான் சொன்னதுபோல இரண்டு கொடிகள்தான். தனித்தனியாக நூல் கட்டித் தனித்தனியாக இலை பறித்தாள்.

இரண்டு வாரம் கழித்துப் பிலிம் வந்தது. ஒரு கொடியில் சி மட்டும். மற்றொன்றில் அந்த இரண்டு கோடுகள், அப்படியே. டி.என்.ஏ.வின் எதிர் இழையில் சிக்கு ஜியும் டிக்கு ஏயும் ஜோடியாக வரும். அதைப் படித்தபோது அதே இடத்தில் ஜி, ஏ இரண்டும் இருந்தன. சந்தேகத்துக்கு இடமில்லை.

நான் பாராட்டினேன். அவள் முகம் வாடியிருந்தது. தன் பழைய பிலிம்களையெல்லாம் எடுத்து இரண்டு நாள் மறுபடி படித்தாள். மங்கலான இரண்டாவது கோட்டை அழுக்கு என்று அவளே தள்ளிய மூன்று இடங்கள் கிடைத்தன. அவற்றை வைத்து அவள் எழுதிய ஆய்வேட்டு அத்தியாயம் ஏற்கெனவே பேராசிரியர் மேசையில் இருந்தது. இனி அந்தப் பிலிம்களை யாரும் எடுத்துப் பார்க்கப் போவதில்லை என்றேன்.

"நான் பார்த்துட்டனேக்கா."

அன்றே போய்ச் சொன்னாள். பேராசிரியர் கோபப்பட்டார், மூன்றையும் திரும்ப ஓட்டச் சொன்னார். ஆய்வேடு ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. இரண்டு இடங்கள் உண்மையான வேறுபாடுகள், ஒன்று நிஜமாகவே அழுக்கு. மூன்றையும், தான் முதலில் படித்த விதத்தையும் சேர்த்தே எழுதினாள். திருத்திய அத்தியாயத்தைப் படித்த பேராசிரியர், இனி எல்லாருடைய பிலிமையும் அவளும் ஒருமுறை பார்க்கட்டும் என்றார்.

முதலில் பிலிம்களைக் கொடுத்தவள் நான்தான். சந்தேகமான ஏழு இடங்களில் பென்சிலால் சின்ன வட்டம் போட்டுத் தந்தாள். ஒன்றுவிடாமல் மறுபடி ஓட்டினேன்.