கைறுன்னிஸாவின் நான்கு செக்கன்

ஒரு வரி எழுதுகிறாள். விசையைத் தட்டுகிறாள். நான்கு செக்கன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறாள். திரையில் பச்சைக்கோடு ஓடி முடிந்தபின்தான் அடுத்த வரி. செங்கலடியில் ஒரு நிவாரண அலுவலகத்தின் பின்னறையில், ஏறாவூர்க் கைறுன்னிஸாவுக்கு நாள் முழுவதும் இதுதான் வேலை.

சண்டையில் சிதறிப் பல முகாம்களில் இருப்பவர்களை ஒரே பட்டியலில் சேர்க்கும் மென்பொருள் அவள் எழுதியது. பிரிந்த உறவுகளைத் தேடுவோருக்கு அந்தப் பட்டியல்தான் கதி. மென்பொருளின் ஒவ்வொரு சிறு பகுதிக்கும் ஒரு குட்டிச் சோதனை வைத்திருக்கிறாள்; மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. விசையைத் தட்டினால் நான்கு செக்கனில் அத்தனையும் ஓடி முடியும்; எல்லாம் சரியானால் பச்சை, ஒன்று பிழைத்தாலும் சிவப்பு. எதுவும் பெரிய பட்டியலைத் தொடாது. கற்பனையாக இரண்டு மூன்று பெயர்களைக் கொடுத்து, வரவேண்டிய விடை வருகிறதா என்று பார்க்கும், அவ்வளவுதான். வயதுக்கான சோதனையில் இன்றைய திகதியைக்கூடக் கணினியிடம் கேட்கமாட்டாள். தானே ஒன்றைக் குறித்துக் கொடுப்பாள்.

"இண்டைக்குச் சரி, நாளைக்குப் பிழையெண்டு மாறி மாறிச் சொன்னா மறுகா ஆரு அத நம்புவாங்க? சுணங்கவும் கூடா. கரண்ட் போறத்துக்குள்ள முடியணும்" என்பாள்.

மாசி மாதம் ஒரு காலை, அதே அலுவலகத்தில் வேலைபார்க்கும் நானும் அங்கிருந்தேன். பொறுப்பாளர் நல்லரத்தினம் ஓடிவந்தார். "முகாமுகளுக்குப் பட்டியல் கொண்டுபோற வேன் பத்து மணிக்கு வெளிக்கிடுது தங்கச்சி. ஒரே ஆள் ரெண்டு முகாமில பதிஞ்சிரிக்கு. ஒண்ட வெட்டி உடுங்க."

பெயரும் வயதும் ஊரும் ஒன்றானால் ஆளும் ஒன்றே என்று ஒரு வரி சேர்த்தாள். தட்டினாள். திரை சிவந்தது. தாயின் பெயர் வேறானால் அவர்கள் இருவர் என்று, முதல் வாரமே எழுதி வைத்த ஒரேயொரு சோதனை மறித்து நின்றது.

"அந்தச் சோதனைய நிப்பாட்டிப்போட்டு அச்சடிங்க" என்றார் நல்லரத்தினம்.

"சிவப்போட அச்சடிக்க மாட்டன் சேர். வேன் நிக்கட்டும்."

அவள் குரல் உயரவில்லை. தாயின் பெயரும் ஒன்றானால் மட்டுமே ஆள் ஒன்று என்று வரியைத் திருத்தி, பச்சை ஓடியபின்தான் அச்சடித்தாள். வேன் இருபது நிமிடம் நின்றது.

இரண்டு நாள் கழித்து, கல்குடாப் பக்க முகாமிலிருந்து இராசாத்தி என்ற தாய் வந்தாள். இடம்பெயர்ந்த வழியில் பன்னிரண்டு வயது மகள் புஸ்பத்தைத் தவறவிட்டவள். பட்டியலில் அதே ஊர், அதே வயதில் இரண்டு புஸ்பம் இருந்தார்கள். களுதாவளை முகாமில் இருந்தவளுக்கு நேரே தாயின் பெயர் இராசாத்தி. முதலில் எழுதிய அந்த வரி அப்படியே போயிருந்தால் இருவரில் ஒருத்தி வெட்டுப்பட்டிருப்பாள்; அது இந்தப் பிள்ளையாகவே இருந்திருக்கலாம்.

இராசாத்திக்கு எழுத வாசிக்கத் தெரியாது. "எது புள்ள அவட பேரு?" என்று திரையைத் தேடினாள்.

கைறுன்னிஸா அந்தத் தாயின் சுட்டுவிரலைப் பிடித்து, திரையில் மகளின் பெயருக்குக் கீழே வைத்து, எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.