சித்தப்பா நிற்காமல் நடந்த நாள்

எங்கள் சித்தப்பாவை உட்கார்ந்த இடத்திலிருந்து கிளப்புவது பெரும்பாடு. காலையில் பலாமரத்தடியில் குந்தினால் நிழல் நகரும்போது கூடவே நகர்வார், அவ்வளவுதான். தினை விதைப்பு, மிளகு பறிப்பு எதற்கும் வரமாட்டார். "உங்க சித்தப்பனைக் கிளப்ப மாடுதான் பூட்டோணும் கண்ணு" என்பாள் அம்மா. நானும் அவரைச் சோம்பேறி என்றே நம்பினேன்; கொஞ்சம் இளக்காரமும் உண்டு.

தம்பி பிறக்கும் நேரத்தில், அம்மாவுக்கு முதல்நாள் கண்ட வலி மறுநாளும் தீரவில்லை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். வெள்ளைக்காரன் காலம், மலைக்கு ரோடு கிடையாது. கம்பளியை மூங்கில் கழியில் தூளியாகக் கட்டி அம்மாவைக் கிடத்தினார்கள். அடிவாரத்துப் புளியஞ்சோலைவரை தூக்கிப் போனால், அங்கிருந்து துறையூர் ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டி. அப்பா கழியின் முன்பக்கத்தைத் தோளில் ஏற்றினார். பின்பக்கத்துக்கு ஆள் தேடுவதற்குள் சித்தப்பா வந்து தோள் கொடுத்தார். அவரை யாரும் கூப்பிடக்கூட இல்லை.

நான் தண்ணீர்க் குடுவையோடு பின்னால் ஓடினேன். பாதி இறக்கத்தில் பாதையோரம் ஒரு சாமிக்கல் உண்டு. கடந்து போகிறவர்கள் ஒரு தழையை ஒடித்து அதன்மேல் போட்டுவிட்டுத்தான் போவார்கள். அந்தப் பழக்கத்தில் அப்பா சட்டென்று நின்றுவிட்டார். தூளி நிற்கவில்லை. வந்த வேகத்தில் முன்னால் போய் அப்பாவின் முதுகில் மோதியது. அம்மா அலறினாள். செத்துவிட்டாள் என்றே நினைத்து நானும் அலறினேன்.

"நிக்காதண்ணா, நட!" என்று சித்தப்பா கத்தினார்.

"சாமிக்குத் தழை போடாம எப்படிடா?"

"சாமி பொறுத்துக்கும். அண்ணி தாங்காது. நட!"

அப்பாவை அவர் அதட்டி நான் பார்த்ததே இல்லை. கூட வந்தவர்கள் "தோள் மாத்திக்கலாமுங்க" என்று கெஞ்சியும் சித்தப்பா கழியை விடவில்லை. அடிவாரத்தில் அம்மாவை வண்டியில் ஏற்றிய பிறகும் வண்டிக்குப் பின்னாலேயே துறையூர்வரை நடந்தார். பொழுது சாய்வதற்குள் தம்பி பிறந்தான். அம்மாவும் பிழைத்தாள்.

பிறகு நான் துறையூரில் தங்கிப் படித்தேன். நிற்கிற பொருள் தானாக நகராது, ஓடுகிற பொருள் தானாக நிற்காது, இரண்டையும் மாற்ற வெளியிலிருந்து ஒரு விசை வேண்டும் என்றார் வாத்தியார். இன்று அதை நிலைமம் என்கிறார்கள். எனக்குத் தூளி ஞாபகம் வந்தது, கூடவே சித்தப்பாவும். விடுமுறைக்குப் போனதும், "சித்தப்பாவைப் பத்திப் பொஸ்தகத்துலயே போட்டிருக்கும்மா" என்று சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. "நீ பொறக்கறதுக்கு முந்தி உங்க சித்தியையும் பிரசவ வலியில என்னையாட்டமே தூளியில தூக்கிட்டுப் போனாங்க கண்ணு. அந்தக் கல்லுகிட்ட எறக்கி வெச்சு, உங்க சித்தப்பன் தழை ஒடிக்கப் போனாரு. திரும்பி வர்றதுக்குள்ள அவ போயிட்டா. அன்னிக்கு உக்காந்தவருதான்" என்றாள்.

சாமிக்கல்லருகே அவர் போட்ட சத்தம் அப்பாமேல் வந்த கோபம் என்றே அதுவரை நான் நினைத்திருந்தேன்.