திரும்பாத சாமியார்

இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு, எங்கள் ஊரில் எல்லோரும் பக்தர்களுக்கு அறை கட்டி வாடகைக்கு விட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தபோது, நான் மட்டும் வீடியோ கேம் செய்து உலகப் புகழ் அடைவது என்று முடிவெடுத்தேன். எங்கள் ஊர் மலையைச் சுற்றிக் கிரிவலம் போகும் ஒரு சாமியார். வழியில் குரங்குகளும் செருப்புத் திருடர்களும். பதினான்கு கிலோமீட்டரையும் நடந்து முடித்தால் ஜெயம்.

பணம் வேண்டுமே. செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவரிடம் கேட்டேன். பணம் வெறும் மாயை என்று அருமையாக விளக்கிவிட்டு, டீக்கடைக்காரரிடம் மீதிச் சில்லறைக்குச் சண்டைக்குப் போனார்.

கடைசியில் கொடுத்தவர் கீழ்பென்னாத்தூர்ச் சித்தப்பா. மகளைக் கல்லூரியில் சேர்க்க வைத்திருந்த, வேர்க்கடலை விற்ற பணம்.

"ஜூன்ல அட்மிஷன். அதுக்குள்ள குடுத்துடுவ இல்லப்பா?"

"கம்பெனிக்காரங்க பார்த்தா அன்னிக்கே செக் குடுத்துடுவாங்க, சித்தப்பா" என்றேன். என் வாய்க்கு ஒரு பூட்டு போட்டிருக்கலாம்.

மே மாதம், கேம்களை வெளியிடும் பெங்களூர் கம்பெனி ஒன்று என்னைக் கூப்பிட்டது. அங்கே முடிவெடுக்கும் அதிகாரி, நம் பக்கத்துக்காரர்தான், கீபோர்டை இழுத்துக்கொண்டார். சாமியார் ஜம்மென்று நடந்தார். அதிகாரி சட்டென்று அவரை வந்த வழியே திருப்பப் பார்த்தார். சாமியார் அசையவில்லை.

"திரும்பி வர்றதுக்கு எந்த கீ?"

"அது இல்லைங்க. மலைய வலமாத்தான் சுத்துவாங்க."

உண்மையில், ஒருவர் திரும்பி நடக்கக்கூடும் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

"கேம் பிடிச்சிருக்கு. ஆனா ஆடுறவன் எந்தப் பக்கமும் போகணும். மாத்தித் தர்றேன்னு சொல்லுங்க, இன்னிக்கே கையெழுத்து."

மாற்றுவது அரை நாள் வேலை. பௌர்ணமிக்கு ஊர் நிரம்பினால் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவன் நான். அந்த ஏசி அறையில் மட்டும் எங்கிருந்தோ பக்தி வந்து இறங்கியது. மாதம் தவறாமல் மலை சுற்றுகிற சித்தப்பாவின் காசில் சாமியாரை இடமாகச் சுற்ற விடுவதா? "முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு, பெரிய தியாகி மாதிரி பஸ் ஏறினேன்.

சித்தப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். கடலை உரித்துக்கொண்டிருந்த அவர் கை நின்றது.

"ஏம்பா, அது பொம்ம தானே? எப்படிச் சுத்தினா என்னா? என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

எஸ்டிடி பூத்துக்கு ஓடிப்போய்க் கம்பெனியைக் கூப்பிட்டேன். அதற்குள் யாருடைய கார் ரேஸ் கேமையோ எடுத்துக்கொண்டார்களாம். அதில் ரிவர்ஸ் கியர் இருந்திருக்கும்.

ஜூனில் தங்கை கல்லூரிக்குப் போகவில்லை. நான் வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் தற்காலிகமாக டைப் அடிக்கப் போனேன். சித்தப்பா வீட்டுப் பக்கம் போகவே வெட்கமாக இருந்தது. ஒரு நாள் தங்கையே வந்து கேமைப் போடச் சொன்னாள். கொஞ்ச நேரம் சாமியாரை நடத்தினாள். பிறகு அவரைத் திருப்பப் பார்த்தாள், நான்கைந்து முறை.

"நல்லா இருக்குண்ணா" என்று எழுந்தாள். "சாமி குத்தம் ஒண்ணும் ஆவல இல்ல?"