பெரிய பாய்

தார்ப்பாய் தைத்துப் பிழைக்கிறவர்களுக்கு மழையும் வெயிலும் சோறு போடும். காற்று ஒன்றுதான் தைத்ததைப் பிடுங்கிக்கொண்டு போகும். நீங்களும் பந்தல், சாமியானா, லாரிப் படுதா என்று ஊசியோடு மல்லுக்கட்டுகிறவராக இருந்தால் மேற்கொண்டு படியுங்கள். மற்றவர்கள் நம்ப மாட்டார்கள்.

மரியாதை தெரிந்தவர்

எங்கள் கடை செங்கம் ரோட்டில். துணி வெட்டுவது காதர் பாய், மிஷினில் உட்காருவது என் மனைவி சரசு, திட்டு வாங்குவது நான். காதர் பாயின் தம்பியும் பக்கத்திலேயே கடை வைத்திருப்பதால் இவர் தெருவுக்கே பெரிய பாய். ஒருநாள், ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த லூயி என்ற வெள்ளைக்காரர் ஒரு மூட்டையோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். புதுச்சேரி துறைமுகத்தில் அவருடைய பழைய பாய்மரப் படகு நிற்கிறது. பாய்மரத்துக்கு முன்னால் கட்டுகிற முன்பாய் நைந்துபோய்விட்டதாம். அதைப் பார்த்துப் புதுசு தைத்துத் தரவேண்டும்.

லூயிக்குத் தமிழ் நன்றாகவே வரும். ஒரே ஒரு கோளாறு. யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசிவிடக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் 'ஆர்' போட்டுவிடுவார். பஸ் வந்துட்டார், டீ ஆறிட்டார். அதைக் கேட்டு நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது ரோட்டில் புழுதி கிளம்பியது. லூயி பாய்ந்து வந்து மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னார்: "காத்து வரார். திறக்காதீங்க, அவருக்கு இவரைத் தெரியும்."

எந்த அளவு?

அளவு பேச உட்கார்ந்தால் அது ஒரு பஞ்சாயத்து. பழைய பாய் மரத்தையும் தாண்டிப் பின்னால் போகிற அளவுக்குப் பெரியது. அந்தக் காலத்துப் படகுகளில் பின்பாய் சின்னதாம், இழுப்பதெல்லாம் முன்பாய்தான். அதைச் சின்னதாகத் தைத்தால் காற்று கம்மியான நாளில் படகு நகராது. பெரியதாகத் தைத்தால் காற்று ஜாஸ்தியான நாளில் மரத்தைத் தாங்குகிற கம்பிகள் அத்தனை இழுப்பையும் வாங்கவேண்டும். அந்தக் கம்பிகளுக்கும் படகின் வயசுதான்.

பந்தல் சாய்வது துணியால் அல்ல, கட்டின கயிற்றால் என்பது நமக்குத் தெரியாதா? கம்பியை மாற்றிவிடுங்கள் என்றேன். இந்த வருஷம் முடியாது என்றார். அப்படியானால் மரத்தைத் தாண்டாத சின்னப் பாய் போதும், உயிர் முக்கியம் என்றேன். லூயி மூட்டையை மெல்லத் தடவிக்கொடுத்தார். "சின்னதா தைச்சா இவர் கோச்சிக்குவார்."

ஆடி மாத மண்டபம்

அவ்வளவு பெரிய பாயை விரிக்கக் கடையில் இடம் ஏது? ஆடி மாசம், கல்யாணம் கிடையாது. தெரிந்த மண்டபத்தைத் திறந்து விட்டார்கள். ஆடிக்காற்று துணியைப் புரட்டாமல் இருக்கக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, ஃபேனையும் நிறுத்திவிட்டுப் பட்டப்பகலில் பாயை விரித்தோம். காதர் பாய் சாக்பீஸோடு குனிந்தார். தரையில் விரித்த பாயின் நடுவயிறு மெல்ல எழுந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு இறங்கியது. மறுபடியும் எழுந்தது. சொல்ல வெட்கமில்லை, நான் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

புதுத்துணியின் முனையில் மஞ்சள் வைக்காமல் சரசு எதையும் மிஷினில் ஏற்ற மாட்டாள். கிண்ணத்தோடு வந்தவள் பழைய பாயின் முனையைத் தூக்கிக் காட்டினாள். அங்கே ஏற்கெனவே மஞ்சள் இருந்தது. ஒரு விரல் பட்ட தடம். அந்தப் படகையும் பாயையும் லூயி எங்கோ ஐரோப்பாவில், இந்தியாவையே பார்க்காத ஒருவரிடம் வாங்கியவர். இதை யார் வைத்தது என்று கேட்டோம். "தெரியாது. நான் வாங்கும்போதே இருந்தார்."

போன்

அதற்கப்புறம் காதர் பாய் யாரையும் கேட்காமல் சின்ன அளவுக்கே வெட்டினார். லூயியும் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் பழைய பாயை விட்டுவிட மனசு வராமல் அதையும் எடுத்துப் போனார். தான் வெட்டினது கடலில் எப்படி நிற்கிறது என்று பார்க்கக் காதர் பாயும் கூடப் போனார். நீச்சல் தெரியாத மனுஷர்.

மறுநாள் மதியம் லூயியிடமிருந்து போன். பின்னால் ஒரே இரைச்சல். "பாய் போயிட்டார்" என்றார்.

ஒரு மனுஷர் போயிட்டார் என்றால் நம் ஊரில் அர்த்தம் ஒன்றுதான். எந்தப் பாய் என்று கேட்டேன். "பெரிய பாய். தண்ணியில போயிட்டார்." சரசு மிஷின்மேல் தலையைக் கவிழ்த்து அழ ஆரம்பித்தாள். அவர் வீட்டில் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது என்று நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, போனில் யாரோ கனைத்தார்கள். "தம்பி, நான்தான்" என்றது காதர் பாயின் குரல். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

காலையில் காற்று கம்மியாம். சின்னப் பாய்க்குப் படகு நகராததால் லூயி பழைய பாயை ஏற்றியிருக்கிறார். திடீரென்று காற்று பெருத்து, கம்பிகள் கிண்ணென்று பாட ஆரம்பித்திருக்கின்றன. மரம் சாய இருந்த நேரத்தில் பாய் தானாகக் கழன்று தண்ணீரில் விழுந்துவிட்டது. சின்னப் பாயை ஏற்றிக் கரைக்கு வந்துவிட்டார்கள். கிழிந்துவிட்டதா பாய் என்று கேட்டேன். காதர் பாய் குரலைத் தாழ்த்தினார்: "கிழியல தம்பி, முடிச்செல்லாம் தானா அவுந்துகீது. காத்து கரையிலருந்து அடிக்குது, அது காத்துக்கு எதிர்த்தாப்ல கரையப் பாத்துப் போச்சு."

ஏறின ஆளை வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிற அளவுதான் பாய்க்குச் சரியான அளவு என்று எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்; கரைப் பக்கம் கிளம்பிய அந்தப் பாய்க்கு எங்கள் கடைக்கு வழி தெரியாது என்று மட்டும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.